அண்ணி போட்ட கோடுகள்

என் சமையலறை மேடையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகும் அரை லிட்டர் போத்தல். அண்ணன் மகள் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது வாங்கியது, மூடியில் இருந்த முயல் படம் எப்போதோ அழிந்துவிட்டது. அதன் பக்கவாட்டில் சிவப்பு நகப்பூச்சால் மூன்று கோடுகள் போட்டிருக்கும். மேல்கோடு நேராக இருக்கும், நடுக்கோடு சற்றுச் சரிந்திருக்கும், கீழ்க்கோடு பாதி உதிர்ந்துவிட்டது, விரலால் தடவினால்தான் தெரியும். இவ்வளவு பழைய பிளாஸ்டிக்கில் தண்ணீர் வைத்துக் குடிக்கக் கூடாது என்று கிளினிக்கில் ஒரு தாதி சொன்னார். நல்ல பிள்ளைபோல் தலையாட்டிவிட்டு வந்து, அன்றும் அதில்தான் குடித்தேன். இதை எழுத உட்கார்ந்த பிறகு இரண்டு முறை எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அது அங்கேதான் இருக்கிறது. எனக்குத்தான் ஓர் இடத்தில் இருப்புக் கொள்வதில்லை.

அந்தக் கோடுகளைப் போட்டவர் என் அண்ணி. எனக்கு முப்பத்து மூன்று வயதில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. அதுவரை தினமும் ஜொகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவன், வாரத்தில் மூன்று நாள் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிற ஆளானேன். எனக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள், அந்தப் பேச்சு சத்தமில்லாமல் நின்றுபோனது. மாசாயில் அண்ணன் வீட்டுப் பின்னறையில் என் வாசம். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது என்று மருத்துவர் சொன்ன அன்றே அண்ணி மகளின் பழைய போத்தலைத் தேடி எடுத்து, நகப்பூச்சால் கோடு போட்டார். காலையில் பசியாறும்போது முதல் கோடு வரை, மதியம் இரண்டாவது வரை, மாலையில் மூன்றாவது வரை, மிச்சம் மாத்திரைக்கு. ஜொகூர் வெயிலில் அரை லிட்டர் என்பது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எந்த நேரமும் எனக்குத் தண்ணீர் நினைப்புதான். பக்கத்து வீட்டில் கார் கழுவுகிற சத்தம் கேட்டால் கோபம் வரும். குளிக்கும்போது வாயைத் திறந்துகொண்டு நிற்பேன். குளிர்பெட்டியில் ஐஸ்கட்டி திருடி வாயில் அடக்கியிருக்கிறேன். அண்ணி என்னைப் பிடித்ததெல்லாம் எடை பார்க்கும் இயந்திரத்தில். ஏறி நின்றதும் முள் காட்டிக்கொடுத்துவிடும். அவர் திட்டமாட்டார். "ஐஸ் தட்டுல மூணு கட்டி கொறையுது தம்பி, நாளைக்கு ஒரு கோட்டக் கொறச்சிக்கலாம்" என்பார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

அண்ணி பாலோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஒற்றைப் பிள்ளை. கல்யாணத்துக்கு முன்பே அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், அவர் அப்பாவோடு பால்வெட்டிய ஒருவர்தான் முன்னால் நின்று கல்யாணத்தை முடித்துவைத்தார். அந்தப் பெரியவரும் சில வருடங்களில் காலமானார். அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சடங்கு வந்தாலும் அண்ணியின் பிறந்த வீட்டுக்காரர்கள் நிற்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கும். அண்ணன் மகளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லை. கோவில் பண்டாரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். அப்போது அண்ணி பிள்ளையின் காதைப் பார்க்கவில்லை, பண்டாரத்தின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளைக்குச் சித்தப்பா, தகப்பன் பக்கத்து ஆள். அந்த இடத்தில் உட்கார எனக்கு உரிமை கிடையாது, எனக்கு அப்போது அக்கறையும் கிடையாது. கையில் சோடாவோடு ஓரமாக நின்றிருந்தேன்.

அண்ணனுக்கு எனக்குச் சிறுநீரகம் கொடுக்க மனம் இருந்தது, உடம்பு இடம் கொடுக்கவில்லை. பாசிர் கூடாங்கில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கு இனிப்புநீர், சர்க்கரை நோய். முதல் பரிசோதனையிலேயே முடியாது என்றுவிட்டார்கள். அன்று அவர் வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணி தொழிற்சாலை கேண்டீனில் சமையல் வேலை முடித்து வந்து, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை. "என் ரத்தமும் ஓ குரூப்தான். என்னப் பாக்கச் சொல்லுங்க" என்றார். அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் குடுக்கணும்ல" என்று மறுபடி சொல்லிவிட்டு நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் போட்டார். இவ்வளவுதான் நடந்தது. ஒரு பெரிய முடிவு எடுக்கப்படும்போது வீட்டில் ஏதோ மாறும் என்று நினைத்திருந்தேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்புதான் வந்தது, எனக்கு உப்பில்லாமல் தனியாக.

பேச்சு பிறகுதான் கிளம்பியது. அதைக் கிளப்பியவர் எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை. கெட்ட மனுஷி இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. அக்கா தம்பிக்குக் கொடுக்கலாம், தாய் பிள்ளைக்குக் கொடுக்கலாம், கல்யாணமாகாத கொழுந்தனுக்கு அண்ணி தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. எதற்காகக் கொடுக்கிறார்? நான் அவருக்கு என்ன செய்திருக்கிறேன்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதைத் தவிர எதுவுமே நினைவுக்கு வரவில்லை. அண்ணி அத்தைக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "கொழுந்தனுக்குக் குடுக்கல அத்தை. எனக்குக் கூடப்பொறந்தவங்க இல்லன்னு ஒங்களுக்கே தெரியும். நான் என் தம்பிக்குக் குடுக்கறேன். நாளைக்கு என் மகளுக்கு மாமன் சீர் அவரு செய்யட்டும், பிள்ளைக்கு மாமன் இல்லங்கற கொறையும் தீரட்டும்." அத்தை காப்பியை எடுத்துக் குடித்தார். அதன் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் கொடையை வைக்க ஓர் உறவு, அண்ணி அதைக் காட்டிக்கொடுத்துவிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டு வந்தார், எல்லா அண்ணிகளும் கூப்பிடுவதுபோல. அன்றுதான் அதைக் கேட்டு எனக்குக் கூச்சமாக இருந்தது.

ரத்த உறவு இல்லாதவர் உறுப்பு கொடுக்க முன்வந்தால் ஒரு குழு விசாரித்த பிறகே அனுமதி கொடுக்கும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் விலைபேசவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். நியாயமான விசாரணைதான். அதற்காக நானும் அண்ணியும் அண்ணனும் கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறினோம். அண்ணி தீபாவளிச் சேலையைக் கட்டியிருந்தார். தனித்தனியாக அழைத்தார்கள். எனக்குப் பத்து நிமிடம், அண்ணிக்கு முக்கால் மணி நேரம். வெளியே வந்தபோது அவர் முகம் நேர்முகத் தேர்வில் தேறிய பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. "எல்லாம் நல்லா சொல்லிட்டேன் தம்பி" என்றார். அவருக்குத் தெரிந்த மலாயிலேயே பேசியிருக்கிறார். இவர் உங்களுக்கு யார் என்று கேட்டிருக்கிறார்கள். "டியா அடேக் சாயா, என் தம்பின்னு சொன்னேன்." விண்ணப்பப் பாரத்தில் கணவரின் தம்பி என்றல்லவா இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அண்ணி, இதுவரை அப்படி, இனிமேல் என் தம்பி, என் மகளுக்கு மாமன் என்றிருக்கிறார். மாமன் என்றால் என்ன செய்வார் என்று கேட்டிருக்கிறார்கள்.

"சும்மா வாங்கிக்கிட்டுப் போற ஆளு இல்ல, மொறையா சீர் செய்வாருன்னு சொன்னேன். எத்தன தட்டுன்னு கேட்டாங்க. பதினொண்ணுக்குக் கொறையாதுன்னேன். நகை உண்டான்னு கேட்டாங்க. மாமன்னா ஒரு சங்கிலியாச்சும் போடாமயா இருப்பாரு, கண்டிப்பா போடுவாருன்னேன். எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க தம்பி."

சிறுநீரகத்துக்குப் பதிலாக எதுவும் கைமாறக் கூடாது என்று உறுதி செய்யத்தான் குழுவில் அந்த மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் அண்ணி, தட்டு எத்தனை, நகை என்ன என்று பட்டியல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார். வாங்கிக்கொண்டு திருப்பி எதுவும் செய்யாதவன் என்று என்னை மூன்று அந்நியர்கள் நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. எங்கள் ஆட்களிடம் இதையே சொல்லியிருந்தால் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். நான் விளக்கிச் சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது. "நான் வெலயா தம்பி பேசினேன்? ஒறவுல்ல சொன்னேன்" என்றார். அண்ணன் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதல் விளக்கம் வேண்டும் என்று கடிதம் வந்தது. மறுபடி அழைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மாதங்களில் நான் மிக மோசமான மனிதனாக இருந்தேன். கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது, டயாலிசிஸ் மையத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு திங்கட்கிழமை வரவில்லை, புதன்கிழமை அதில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அண்ணியின் வாயால் வந்தது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். தன் உடம்பைக் கொடுக்க வந்தவர்மீது, அதைச் சரியான வார்த்தைகளில் கொடுக்கத் தெரியவில்லை என்று கோபப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அண்ணிக்கும் அது தெரிந்திருந்தது. அந்த நாட்களில் போத்தலை என் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாவது முறை எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். நான் தயாராகப் போயிருந்தேன். சீர் என்று எதுவும் கிடையாது, அண்ணி ஆசைக்குச் சொன்னது, நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்றேன். குழுவில் இருந்த ஓர் அம்மையார் ஒரு தாளை எடுத்து மலாயில் உரக்க வாசித்தார். இந்தச் சிறுநீரகத்துக்குப் பதிலாகக் கொடையாளிக்கோ அவர் பிள்ளைக்கோ நகையாகவோ பொருளாகவோ நான் எதுவும் கொடுக்கவில்லை, இனியும் கொடுக்கமாட்டேன். அண்ணிக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். முதலில் பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி அழுத்திப் போட்டேன். அப்போது அண்ணி சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணி கழிப்பறைக்குப் போயிருந்தபோது அந்த அம்மையார் வாசலுக்கு வந்து என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்கள் அண்ணியை நான் தவறாக நினைக்கவில்லை" என்றார் மலாயில். பேரம் இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை என்று தொடர்ந்தார். நாளை பிள்ளைக்குச் சடங்கு நடந்தால் குடும்பத்தில் ஒருவராக வழக்கப்படி எல்லாரும் செய்வதை நீங்கள் செய்யலாம், அதை யாரும் கேட்கப்போவதில்லை. அவரிடமும் சொல்லிவிடுங்கள், மனம் வருந்தியிருப்பார். இவ்வளவும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். பேருந்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பேருந்தில் அண்ணி சன்னலோரம் உட்கார்ந்து செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். யோங் பெங் தாண்டியதும் பையிலிருந்து போத்தலை எடுத்து, "தண்ணி வேணுமா தம்பி? இன்னிக்கு இன்னும் ஒரு கோடு பாக்கி இருக்கு" என்றார். நான் வாங்கிக் குடித்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போயும் சொல்லவில்லை.

அனுமதி வந்தது, அறுவை சிகிச்சையும் நன்றாக நடந்தது. அண்ணியின் சிறுநீரகம் என் வலது அடிவயிற்றில் வந்து உட்கார்ந்த அன்றே வேலையை ஆரம்பித்துவிட்டது. "ஒங்க அண்ணி மாதிரியே, லீவு எடுக்காத ஆளு" என்றார் அண்ணன், அவர் செய்த ஒரே நகைச்சுவை. இப்போது நிலைமை தலைகீழ். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தாக வேண்டும். அண்ணி அதே போத்தலை அண்ணனிடம் கொடுத்தனுப்பி, இதை ஆறு தடவை நிரப்பிக் குடியுங்கள், இப்போதும் கோடு வரைக்கும்தான், ஒரேயடியாகக் குடித்தால் குமட்டும் என்று சொல்லச் சொன்னார். தண்ணீருக்காக ஏங்கியவனுக்குத் தண்ணீர் கசந்தது. வயிற்றில் வலி இருந்தாலும் மூன்றாம் நாள் அண்ணி எழுந்து நடந்து என் படுக்கைக்கு வந்து போத்தலைத்தான் பார்த்தார், என்னைப் பிறகுதான் பார்த்தார்.

நன்றி என்று ஒரு வார்த்தை இருக்கிறது. கடையில் மிச்சக் காசு கொடுப்பவரிடமும் அதைத்தான் சொல்கிறோம். அதை அண்ணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாததால் அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது, சங்கடம் எரிச்சலாக மாறியது. வீட்டில் எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம்போல் பார்த்தார்கள். மழையில் நனைந்தால், கருவாடு சாப்பிட்டால், காலை எட்டு மணி மாத்திரை பத்து நிமிடம் தள்ளிப்போனால், அண்ணி கொடுத்ததைப் பாழாக்குகிறான் என்று ஒரு பார்வை. அண்ணி அப்படிப் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லார் பார்வையும் அவர் பார்வையாகவே எனக்குப் பட்டது. அடுத்த வருடமே தெப்ராவில் ஒரு கிடங்கில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே ஓர் அறையும் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாசாய் அரை மணி நேரத் தூரம்தான். அந்த அரை மணி நேரத்துக்குள் ஒளிந்துகொண்டேன். தினமும் மாலையில் தொலைபேசி வரும். "எத்தன போத்தல் ஆச்சு தம்பி?" ஐந்து குடித்திருந்தால் ஆறு என்பேன்.

அண்ணன் மகள் பெரிய மனுஷியானபோது அவளுக்கு வயது பதின்மூன்று. சடங்குக்கு நாள் குறித்ததும் அண்ணன் என்னை அழைத்துத் தேதியைச் சொன்னார். சீர் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவரும் அந்தத் தாளைப் பற்றி அறிந்தவர்தானே. இரண்டு நாள் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். மூன்றாம் நாள் நானே அண்ணியை அழைத்து, "அண்ணி, நான் அங்க கையெழுத்துப் போட்டிருக்கேன், ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு" என்றேன். "தெரியும் தம்பி. நானும் பக்கத்துலதானே இருந்தேன். நீங்க வந்து சாப்ட்டுட்டுப் போங்க, அது போதும்" என்றார். வாசலில் அந்த அம்மையார் சொன்னது என் நாக்கு நுனியில் நின்றது. நான் அதை விழுங்கிவிட்டேன். எனக்குக் கொடுக்க மனமில்லாமல் இல்லை, கையில் வசதியும் இருந்தது. ஆனால் பதினொரு தட்டோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றால் ஊர் முன்னால் நான் ஆயுளுக்கும் அவர் தம்பி. வாங்கியவன் என்பது நெற்றியில் எழுதிய மாதிரி ஆகிவிடும். கையெழுத்துப் போட்ட தாள் எனக்கு நல்ல மறைவிடமாக இருந்தது.

சடங்கன்று மண்டபத்தில் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தாய்மாமன் மாலை போட அழைத்தபோது மறுபடியும் ஒரு பண்டாரம், வேறொருவர், இளையவர், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தட்டுகளை அண்ணியே வாங்கி, அண்ணியே அடுக்கி, அண்ணியே பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கொடுத்துத் தூக்கிவரச் சொல்லியிருந்தார். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. அத்தை என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அண்ணி மேடையிலிருந்தே அவரைக் கூப்பிட்டு ஆரத்தித் தட்டைப் பிடிக்கச் சொன்னார். நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவர் சொன்னபடியே சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

போன வருடம் அண்ணி இறந்தார். ஐம்பத்தோரு வயது. காலையில் கேண்டீனுக்குக் கிளம்ப வாசலில் செருப்பைப் போட்டவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றோடு இருந்தால் இப்படித்தான் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. மருத்துவரிடம் இரண்டு முறை கேட்டேன். சிறுநீரகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது நன்றாகவே இருந்தது என்றார் இரண்டு முறையும். மூன்றாவது முறை கேட்கப் போனேன், அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டார்.

வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். குளிப்பாட்டி முடிந்ததும் அத்தை எழுந்து கேட்டார்: "பொறந்த வீட்டுக் கோடி யாரு கொண்டாறது?" இறந்துபோன பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டார், அண்ணன் தம்பிமார், கொண்டுவந்து போர்த்தும் புதுச் சேலைதான் கோடி. அது அவர்கள் செய்யும் கடைசிச் சீர். அத்தை குத்திக்காட்டக் கேட்கவில்லை, அழுதுகொண்டுதான் கேட்டார். "ஆளு இல்லன்னா வீட்டுலேருந்தே ஒண்ண எடுத்துப் போத்திரலாம்" என்றார் காரியம் செய்ய வந்திருந்த பண்டாரம். அவர் குனிந்து எதையோ எடுக்கப் போனார். இன்னொரு முறை ஒரு பண்டாரம் கையைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வருவதை என்னால் பார்க்க முடியவில்லை. மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "நீ எங்கடா போற, நீ மாப்பிள்ள வீட்டு ஆளு" என்றார் அத்தை. "நான் அவங்க தம்பி" என்றேன். பதின்மூன்று வருடம் தாமதமாக, கேட்க வேண்டியவர் கேட்க முடியாத நேரத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மாசாய்க் கடைவீதிக்குப் போய்வரக் கால் மணி நேரம் ஆகும். வெளிக்கதவைத் திறக்கும்போது அண்ணன் மகள் பின்னாலேயே வந்தாள். கையில் ஒரு துணிக்கடைப் பை. மடித்து மடித்து ஓரம் வெளுத்துப்போன பை. "எங்கயும் போக வேணாம் சித்தப்பா. இத நீங்க கொண்டு போங்க" என்றாள். உள்ளே மயில்கழுத்து நிறத்தில் ஒரு புதுச் சேலை, நடுவில் ஒரு பாச்சை உருண்டை. எனக்குப் புரியவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு அவள் சொன்னாள்: "அம்மா வாங்கி வச்சது. என் சடங்கு முடிஞ்ச மறுவாரமே வாங்கினாங்களாம். கோடிக்கு ஆளு கேப்பாங்க, அப்ப சித்தப்பா எந்திரிச்சா இத அவரு கையில குடு, அவரு கொண்டாந்ததா இருக்கட்டும்னாங்க. எந்திரிக்கலன்னா ஒண்ணும் சொல்லாத, அவரு மனசு சங்கடப்படும், நீயே போத்திருன்னாங்க."

நான் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பிலிருந்து ஒன்றைக் கொடுத்தார், நான் தூக்க வேண்டிய பதினொரு தட்டையும் அவரே தூக்கினார், கடைசியில் நான் கொண்டுவர வேண்டிய சேலையையும் அவரே வாங்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் எழாமல் உட்கார்ந்திருந்தால்கூட எனக்கு வலிக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. ஒன்றே ஒன்றையாவது எனக்கு விட்டுவைத்திருக்கக் கூடாதா. உள்ளே போய்ச் சேலையைப் பிரித்து அண்ணிமேல் போர்த்தினேன். மடிப்புக் கோடுகள் அழியாமல் நின்றன. அத்தை வந்து கால்மாட்டில் சேலையை நீவிச் சரிசெய்தார், என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கோலாலம்பூரில் அந்த வாசலில் கேட்டதை அப்போதுதான் அண்ணியின் காதருகே குனிந்து சொன்னேன். செய்யலாம் என்று அவர்கள் அன்றைக்கே சொன்னார்கள் அண்ணி, நான்தான் உங்களிடம் சொல்லவில்லை என்று. பக்கத்தில் இருந்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

வருகிற தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மாமன் மாலை நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சங்கிலி வாங்கியாகிவிட்டது, தட்டுகள் இப்போதே என் அறையில் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு நான்கு தடவை குனிந்து பார்க்கிறேன். யாரும் தடுக்கவில்லை, அத்தைகூட. ஆனால் இதையெல்லாம் பார்க்க வேண்டியவர் இல்லை என்பதால் எனக்கு நிம்மதி வருவதில்லை. அண்ணன் மகள் அன்று கூடாரத்தில் என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டாள், இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். கல்யாணத்தன்று எப்படிக் கூப்பிடுவாள் என்று தெரியவில்லை. கேட்கும் துணிச்சல் எனக்கில்லை.

இப்போது காலை எட்டு மணி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு போத்தலை நிரப்பினேன். மாலையில் எத்தனை ஆச்சு என்று கேட்கும் தொலைபேசி நின்று ஒரு வருடம் ஆகிறது. கேட்க ஆள் இல்லாமல் போன பிறகுதான் நான் ஆறையும் உண்மையாகவே குடிக்கிறேன். அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தால் தோலுக்கடியில் அது தெரியும், ஒரு முஷ்டி அளவுக்கு. அண்ணியின் மீதி உடம்பு போய்விட்டது, இது மட்டும் என்னிடம் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. நின்றபடியே முதல் கோடு வரை குடித்தேன். இன்னும் இரண்டு கோடு பாக்கி இருக்கிறது.